நூற்று நாற்பத்து மூன்று பேரும் ஒரு குழாய் இரத்தமும்

இயேசு மரி சூசை

தன்னாமுனை,
20.02.2010

அன்பு மகள் மேர்லினுக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் தயவால் நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நீயும் அந்த மழைக்கும் குளிருக்கும் நடுவில் தடிமன் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனையை எடுத்திருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கிப் பாதிக்கு வர முன்னமே அப்பா பறித்து அங்கே இன்றைக்கு எவ்வளவு குளிர் என்று கேட்பார், நீ பதில் சொல்லி முடிய போன் கார்ட்டும் முடிந்துவிடும். இது அப்படி அரைகுறையாகச் சொல்லக்கூடிய காரியம் இல்லை. ஏறாவூர் றவூப் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் மின்னஞ்சலுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அசல் தபாலில் வரும். ஆறுதலாக இருந்து வாசி, சாப்பிட்டுக்கொண்டு வாசிக்காதே.

ஊர்ப் புதினம் என்றால், மழை விட்டுவிட்டது, வாவித் தண்ணீர் நம் பின்வேலி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது, வயல்வட்டைப் பக்கம் வெள்ளாமை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்பா போன மாதம் கொழும்புக்குப் போய் வந்தார். வழியில் ஓர் இடத்திலும் சோதனைக்கென்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடக்கவில்லையாம், பஸ்ஸிலேயே நித்திரை கொண்டு போனாராம், அதை இன்னும் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். முப்பது வருடம் பஸ் ஓட்டின மனுசனுக்கு பஸ்ஸில் நித்திரை கொள்ளக் கிடைத்தது பெரிய காரியம்தான். பாசிக்குடாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தென்பகுதியில் இருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள், கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் கடலுக்குள் கால் வைக்க மனம் வரவில்லை, அவர்களைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றேன். விபூதிப் புதனில் இருந்து அப்பா தவக்காலத்துக்காகச் சுருட்டை விட்டிருக்கிறார், ஒறுத்தல் அவருக்கு, எரிச்சல் எனக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நத்தார் பண்டிகைக்கு நீ போன் எடுத்த நேரம் என்னிடம் ஓர் உதவி கேட்டாயே, சுனாமி முகாமில் நீங்கள் இரத்தம் எடுத்த ஆட்களிடம் ஐந்து வருடம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும், அனுமதியெல்லாம் பிறகு, முதலில் அவர்களுக்கு விருப்பமா என்று சும்மா கேட்டுப் பாருங்கள் அம்மா என்று. போதிய ஆட்கள் வராவிட்டால் இரண்டாவது ஆராய்ச்சி நடக்காது, அது நடக்காவிட்டால் அந்த இடத்தில் உன் வேலையை நீடிக்க மாட்டார்கள் என்பதையும் நீ சொல்லித்தான் வைத்தாய். சரி, பாலர் பாடசாலை டீச்சர் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆனால் எனக்கே நீ செய்கிறது என்னவென்று வடிவாகத் தெரியாமல் மற்றவர்களிடம் போய் எதைக் கேட்பது? அதுதான் றவூப்பிடம் போனேன். நீ முதன்முதல் நோர்வே போன காலத்தில் உன்னோடு கதைப்பதற்கு நாங்கள் வரிசையில் நின்ற கொம்யூனிகேஷன் கடைக்காரர். இப்போது நாலு கொம்பியூட்டர் போட்டிருக்கிறார்.

உன் பேரை அடித்த உடனே எட்டுக் கட்டுரை வந்து விழுந்தது மேர்லின். அதில் அல்பேட் என்று அப்பாவின் பேர்தான் முன்னுக்கு நிற்கிறது, சுமந்து பெற்றவளின் பேர் ஓர் இடத்திலும் இல்லை, அது வேறு கதை. முகாம் கட்டுரைக்குக் கீழே சின்ன எழுத்தில் நூற்று நாற்பத்து மூன்று என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். “டீச்சர், உங்கட மகள் எழுதினத நூத்தி நாப்பத்தி மூண்டு பேர் தங்கட கட்டுரையில காட்டி எழுதியிரிக்காங்க, இதத்தான் மேற்கோள் எண்டு சொல்லுற, இது கூடினாத்தான் அங்க மதிப்பு” என்றார் றவூப். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் அந்த நூற்று நாற்பத்து மூன்று பேர், அவர்களுக்கு நம் முகாமைப் பற்றி என்ன கதை, ஒவ்வொருவராகத் திறந்து காட்டுங்கள் என்றேன். பாவம், கடையில் போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு அந்த மனுசன் திறந்து காட்டினார். ஒருவர் ஜப்பான், ஒருவர் பிரேசில், பாகிஸ்தானில் பூமியதிர்ச்சியில் காயப்பட்டவர்களைப் பற்றி எழுதின ஒரு டாக்டர். ஆவலோடு பார்த்தால் உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை, வரி முடிகிற இடத்தில் எறும்பு மாதிரி ஓர் எண், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனால் அங்கே உன் கட்டுரை. இவ்வளவுதானா என்று எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒருவராவது தன்னாமுனை எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கக் கூடாதா?

இன்னும் இரண்டு விஷயம் கண்டுபிடித்தேன், கோபிக்காதே. அந்தக் கணக்கில் பத்தொன்பது நீயே உன் மற்றக் கட்டுரைகளில் காட்டினது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வதையும் அங்கே எண்ணுவார்களா? அடுத்தது, ஒல்லாந்துக்காரர் ஒருவர் உன் கட்டுரையில் ஆட்கள் போதாது, இதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறாராம். றவூப் அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் அவர் சிரித்துக்கொண்டு “ஏசினாலும் எண்ணிக்கையில சேரும் டீச்சர்” என்றார். இது நல்ல ஊராக இருக்கிறதே. நம் சந்தியில் ஏசினதையெல்லாம் சேர்த்து எண்ணினால் அப்பா இந்நேரம் பேராசிரியர். ஆனாலும் கட்டுரையின் சாரத்தை றவூப் வாசித்துச் சொன்ன பிறகு நான் வீடு வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். காயத்துக்குப் போட்ட ஏற்பு ஊசியை, அதுதான் ரெற்றனஸ் ஊசியை, உடம்பு ஞாபகம் வைத்திருக்குமாம், வீட்டையும் ஆட்களையும் இழந்து சாப்பாடு நித்திரை இல்லாமல் கிடந்த உடம்பு அந்த ஞாபகத்தைப் பிடித்து வைத்திருக்கிறதா, விட்டுவிடுகிறதா என்பதுதான் உன் கேள்வியாம். என் பிள்ளைக்கு இப்படி ஒரு கேள்வி எங்கே இருந்து வந்தது?

நான் இதை அப்பாவிடம் சொன்னது பிழை இல்லை, அப்பா இதைச் சந்தியில் சொன்னதுதான். “என்ட மகள்ர கட்டுரைய நூத்தி நாப்பத்தி மூண்டு பேர் பாவிச்சிருக்காங்க, எல்லாம் நம்மட முகாம் ஆக்கள்ர ரத்தத்தாலதான்” என்று மீன் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். கடற்கரையில் இருந்து வந்து முகாமில் இருந்தவர்கள் இப்போது வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார்கள் அல்லவா, நான் அங்கே போய்ச் சேர முன்னமே கதை போய்ச் சேர்ந்துவிட்டது. நான் தயங்கித் தயங்கிக் கேட்கப் போனால் எல்லோரும் இப்போதே கையை நீட்டுகிறார்கள். கோழி அடிக்கட்டா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று ஒரே உபசாரம். பேர் விபரம் எழுதினாலே பயப்படுகிற சனம், யாராவது ஒரு பேப்பரோடு வந்தால் கதவைச் சாத்துகிற சனம், இது என்ன அதிசயம் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியாக அஜந்தா வீட்டுக்குப் போனேன், என்னிடம் பாலர் வகுப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்த அஜந்தாதான், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள், “டீச்சர், அந்த நூத்தி நாப்பத்தி மூண்டு பேரும் தப்பிற்றாங்களா?”

எனக்கு முதலில் பிடிபடவில்லை. எங்கே இருந்து தப்புவது என்று கேட்டேன். “எங்கட ரத்தம் ஏத்தின ஆக்கள் டீச்சர்” என்றாள். பார்த்தாயா மேர்லின்? சண்டைக் காலத்தில் ஒலிபெருக்கி கட்டின வாகனம் வந்து ஆஸ்பத்திரியில் இரத்தம் தேவை என்று சொல்லும், ஆட்கள் ஓடிப்போய் வரிசையில் நிற்பார்கள். இரத்தம் எடுப்பது என்றால் இன்னொருவருக்கு ஏற்றத்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இந்தச் சனத்துக்குத் தெரியாது. எடுத்து முடிய நீங்களும் அதே மாதிரி பால் பக்கற்றும் பிஸ்கட்டும் கொடுத்தீர்கள். அந்தச் சின்னக் குழாய் எத்தனை பேருக்குப் போதும் என்று நீங்கள் யோசிக்கவில்லையா என்று கேட்டேன். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. “கடல் அடிச்சும் சாகாத ஆக்கள்ர ரத்தம்தானே டீச்சர், கொஞ்சம் இருந்தாலே காணும்” என்றாள். அந்த வீட்டுத்திட்டம் முழுக்க இரண்டு கிழமையாக அந்தப் பெருமையில்தான் இருந்திருக்கிறது. தாங்கள் வெளிநாட்டில் நூற்று நாற்பத்து மூன்று உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, நல்ல காரியத்துக்குத்தானே, அப்படியே நினைத்துக்கொண்டு கொடுக்கட்டும், பிள்ளையின் வேலையும் நிலைக்கும், நீ வாயை மூடிக்கொண்டு இரு என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஓர் இரவு முழுக்க அதே எண்ணம்தான். உன் வேலை போனால் நீ எங்கே போவாய் என்ற பயம் எனக்கு இல்லையா? ஆனால் அஜந்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் கையில் ஊசி போட விட எனக்கு முடியாது. வேறு எதையாவது பொய் சொல்லி வாங்கலாம், இதை வாங்க முடியாது. எதற்கு என்று விளங்காமல் ஒருவரும் தரக்கூடாது என்று நீயும் அன்றைக்கு இரண்டு தரம் சொன்னாய்தானே. ஞாயிறு பூசை முடிய நேரே வீட்டுத்திட்டத்துப் பொதுக் கட்டிடத்துக்குப் போய் எல்லோரையும் கூப்பிட்டு, உங்கள் இரத்தம் ஒருவருக்கும் ஏற்றப்படவில்லை, அதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள், அந்த எழுத்தைத்தான் நூற்று நாற்பத்து மூன்று பேர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

தோணிக்கார இளையதம்பி அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப எங்கட ரத்தத்தால ஒருத்தரும் பிழைக்கல்லியா?” என்றார். நேரடியாக இல்லை என்றேன். ஆனால் வெள்ளம், பூமியதிர்ச்சி வருகிற நாடுகளில் காயப்பட்டவர்களுக்கு எப்போது எந்த ஊசி போடுவது என்று டாக்டர்மார் இதையும் பார்த்துத்தான் யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். உடனே அவர், போன மாதம் ரி.வி.யில் காட்டினார்களே ஹெயிட்டி, அங்கே பார்ப்பார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், மறக்காமல் எழுது, அவர் விடமாட்டார். பிறகு, மிச்ச இரத்தம் எங்கே என்றார். ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றேன். ஐந்து வருடமா, மீன் கூட ஐஸில் நாலு நாளுக்கு மேல் நிற்காதே என்று அவர் சொல்ல எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். அது வேறு ஐஸ், பூச்சியத்துக்கு எண்பது பாகை கீழே என்று நீ சொன்னதை நான் எடுத்துவிட்டேன். இளையதம்பி அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார், நம்பினாரா தெரியாது.

அப்போதுதான் பின்னுக்கு நின்ற சீதேவிப்பிள்ளை முன்னுக்கு வந்தாள். உனக்கு அவளை ஞாபகம் இருக்காது, ஏனென்றால் அவளிடம் நீங்கள் இரத்தம் எடுக்கவில்லை. கடல் வந்த நேரம் அவள் ஏறாவூர்ச் சந்தையில் நின்றவள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. வீட்டில் நின்ற கணவன் கடலோடு போய்விட்டார், மகன் ரதீஸுக்குத் தகரம் வெட்டிக் காலில் காயம். முகாமில் ஏற்பு ஊசி போட்ட பிள்ளைகளோடு அவனிடமும் நீங்கள் எடுத்தீர்கள், அப்போது அவனுக்குப் பதினாறு வயது. இரண்டாயிரத்து எட்டில் ஒரு நாள் காலையில் வாழைச்சேனைக்கு வேலைக்கு என்று வெளிக்கிட்டவன் திரும்பி வரவில்லை. அவள் தட்டாத கதவு இல்லை, போகாத தடுப்பு முகாம் இல்லை. போன வைகாசியில் சண்டை முடிந்தது என்று எல்லோரும் சொன்ன பிறகு இனி வருவான் என்று கொஞ்ச நாள் பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இப்போது இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள், யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. அவள் வந்து நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள், “டீச்சர், என்ட புள்ளைட ரத்தமும் அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கா?”

இத்தனை நாள் நான் றவூப்பின் கடையில் இருந்து ஆயிரம் கேள்வி கேட்டேன், யார் வாசித்தார்கள், எந்த நாடு, ஏன் ஏசினார்கள் என்று. இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. பேரே எழுதியிருக்க மாட்டார்கள், எண்தான் இருக்கும் என்று ஏதோ சொன்னேன். “எண் எண்டாலும் பறவாயில்ல, இருக்கா இல்லியா எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்க” என்றாள். அவளிடம் அவன் சட்டை ஒன்று கூட இல்லை, இருந்ததெல்லாம் முதலில் கடலோடும் பிறகு இடம்பெயர்வோடும் போய்விட்டது, படம் கூட அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்றுதான், அதையும் எங்கோ ஓர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இளையதம்பி அண்ணன் எழும்பி, முதலில் இவளுக்குப் பதில் வரட்டும், அதற்குப் பிறகு எங்கள் கையைக் கேளுங்கள் என்றார். மற்றவர்களும் அதுதான் சரி என்றார்கள், அஜந்தாவும்தான்.

ஒன்றை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் பழைய இரத்தத்தை வைத்திருக்க அனுமதி இல்லை, இரண்டாவது ஆராய்ச்சி நடந்தால்தான் தவணை நீடிப்பார்கள், இல்லாவிட்டால் ஆனி மாதத்தோடு எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள் என்று நீ சொன்னது அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது. அதைச் சொல்லியிருந்தால் அவளுக்காக அத்தனை பேரும் அங்கேயே கையை நீட்டியிருப்பார்கள். உனக்கும் சுகமாகப் போயிருக்கும். அப்படி இரக்கத்தைக் காட்டி வாங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டதும் சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. நீ படித்தவள், நீ யோசி. ஆராய்ச்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த ஒரு குழாயை மட்டும் வைத்திருக்க வழி இல்லையா? எந்த எண் யாருடையது என்று பூட்டி வைத்திருக்கும் பதிவைத் தாய் கேட்டால் திறக்கலாமா? அந்த இரத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற சோதனை ஏதோ இருக்கிறதாமே, றவூப் சொன்னார், அது உண்மையா, நம் நாட்டில் யாரிடம் போய்க் கேட்பது? அவளுக்கு வீண் நம்பிக்கை கொடுத்துவிடுவேனோ என்று பயந்து நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இல்லை என்றால் இல்லை என்றே எழுது. இல்லை என்ற பதிலைக் கூட இதுவரை அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை.

இந்தக் கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நான் உலையைப் பார்க்க எழும்பினேன், அந்த நேரம் சீதேவிப்பிள்ளை வாசல் படலையடியில் நிற்கிறாள். இடியப்பத் தட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். இரு என்றால் கதிரையில் இருக்கவில்லை. இரத்தம் எடுக்கிற தாதி எப்போது வருவா என்று கேட்டாள். இன்னும் அனுமதியே எடுக்கவில்லை, அதோடு காயப்படாத ஆட்களின் இரத்தம் இந்த ஆராய்ச்சிக்குத் தேவைப்படாது பிள்ளை என்று சொன்னேன். அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். “ஆராச்சிக்கு இல்ல டீச்சர். என்டயும் ஒரு குழாயில எடுத்து, அவன்ட குழாய்க்குப் பக்கத்தில வைக்கச் சொல்லுங்க, புள்ள அங்க தனியக் கிடக்கான்” என்றாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு என்னைக் கோபித்தாலும் பரவாயில்லை.

வேறு என்ன. நேரத்துக்குச் சாப்பிடு, நித்திரை முழிக்காதே. முந்திரிகைப் பருப்பு வறுத்து வைத்திருக்கிறேன், உன் சிநேகிதி ஊருக்கு வந்தால் கொடுத்துவிடுவேன். ஒல்லாந்துக்காரருக்கு மரியாதையாகப் பதில் எழுது. அப்பா உன்னைக் கொஞ்சினதாகச் சொல்லச் சொன்னார். கடலிலும் கரையிலும் நம்மைக் காத்த மாதா நீ போகும் வழியெல்லாம் உன் முன்னே நடக்கட்டும், உன் கைவேலை ஆசீர்வதிக்கப்படட்டும்.

ஞாபகப்படுத்துகிறேன், இதை வாசித்த உடனே மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் போய் அந்தப் பெட்டியைத் திறந்து பார். அவன் இருக்கிறானா என்று பார். பக்கத்தில் இடம் இருக்கிறதா என்றும் பார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
அ. பீற்றிஸ்